மனைவிக்குத் துணையாக ஒரு பிஸ்டல்: டெக்சஸ் வாசகருக்கு வழக்கறிஞரின் பதில்

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கல்யாணம் ஆனது. அதனால் மனைவி இன்னும் தன் சொந்த எச்-1பி விசாவில்தான் இருக்கிறார். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்கு உதவியாக வாசகரின் அப்பா அம்மா அடுத்த மாதம் மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வருகிறார்கள். வாசகர் திங்கள் முதல் வியாழன் வரை நியூ ஜெர்சியில் கிளையன்ட் அலுவலகத்தில் இருப்பவர். போன மாதம் அவர் தெருவில் ஒரு தெலுங்குக் குடும்பத்தின் வீட்டை உடைத்து நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனைவிக்குப் பயம். இவருக்குத் தூக்கமில்லை.

"எப்போதும் இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன பிஸ்டல் வாங்கப் போகிறேன். கிளாக் 19-ஆ, சிக் பி365-ஆ? ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்க நண்பர் ஒருவர் தனக்குள்ள தள்ளுபடியில் வாங்கித் தருகிறேன் என்கிறார். ட்ரிக்கரை இலகுவாக்கி, ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி) பொருத்தி, ஸ்லைடில் (பிஸ்டலின் மேல்பகுதியில்) அரிவாள் படத்தோடு 'எமன்' என்று பொறிக்கலாம் என்பது இன்னொரு நண்பரின் யோசனை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அதைக் கட்டில் பக்க மேசையில் மனைவிக்காக வைத்துவிட்டுப் போவேன். அப்பா இந்திய ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர், அவருக்குத் துப்பாக்கி புதிதல்ல. டெக்சஸில்தான் லைசென்ஸே தேவையில்லையே? வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் கேஸும் கிடையாதாமே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கர்ப்பிணி மனைவியைத் தனியே விட்டுவிட்டு வாரத்துக்கு நான்கு நாள் வேறு மாநிலத்தில் படுப்பவருக்கு இந்தப் பயம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எந்த பிஸ்டல், என்ன மாற்றம் என்ற கேள்விகளுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது கட்டில் பக்க மேசையை நினைத்துத்தான். முதலில் அது.

உங்கள் வீட்டில் யார் அதைத் தொடலாம்?

கிரீன் கார்டு உள்ள நீங்கள் பிஸ்டல் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். உங்கள் மனைவி தொடக்கூடக் கூடாது. உங்கள் அப்பாவும் அம்மாவும் கூடாது. எச்-1பி, எஃப்-1, விசிட்டர் விசா என்று தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். 2022-ல் இதற்கான தண்டனையை 10 ஆண்டிலிருந்து அதிகபட்சம் 15 ஆண்டாக உயர்த்தினார்கள். டெக்சஸ் மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

"வைத்திருப்பது" என்றால் கையில் பிடித்திருப்பது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தும் வசதியும் எண்ணமும் இருந்தாலே நீதிமன்றம் அதை வைத்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'நான் இல்லாதபோது நீ எடுத்துக்கொள்' என்று சொல்லி மேசையில் வைத்தால் நீங்களே அந்த வசதியை உருவாக்கிக் கொடுக்கிறீர்கள். அவர் மீது ஒரு குற்றம், தடை உள்ளவர் என்று தெரிந்தே கொடுத்ததாக உங்கள் மீது இன்னொரு குற்றம். உங்களுக்கும் அதே 15 ஆண்டு வரை.

அப்பாவின் ராணுவ அனுபவம் இங்கே கணக்கில் வராது. விலக்கு பெறும் வெளிநாட்டு அதிகாரிகள் அரசு வேலையாக வந்திருப்பவர்கள். மகன் வீட்டுக்கு வந்த ஓய்வு பெற்ற சுபேதார் அதில் சேரமாட்டார்.

சரி, எச்-1பி நண்பர்கள் எல்லாம் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்கு) போய்ச் சுடுகிறார்களே என்று கேட்பீர்கள். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அதை வாங்கிக்கொண்டுதான் விவரம் தெரிந்தவர்கள் போகிறார்கள். தெரியாதவர்கள் சும்மா போகிறார்கள், இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் விலக்கும் போய்விடும். உங்கள் மனைவியின் கிரீன் கார்டு மனு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அவருடைய பாதுகாப்பை இப்படிப்பட்ட ஒரு மெல்லிய நூலில் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன். அவர் கர்ப்பமாக இருப்பது தனிக் காரணம். மூடிய ரேஞ்சில் காற்றில் ஈயத்தூள் இருக்கும், வயிற்றிலுள்ள குழந்தைக்கு அது ஆகாது. அந்தச் சத்தமும் ஆகாது.

கல்யாணமான புதிதில் மனைவியை ஒருமுறை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம் உங்கள் ஃபேஸ்புக்கில் இருப்பதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதை அழிப்பதா வைப்பதா என்று நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் நேரில், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்கள் திட்டத்தைப் பாருங்கள், தம்பி. நீங்கள் ஊரில் இல்லாத நான்கு நாட்கள்தான் பயம். அந்த நான்கு நாட்களும் பிஸ்டல் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தாக வேண்டும், மனைவிக்குக் குறியெண் தெரியக்கூடாது. எதற்காக வாங்குகிறீர்களோ அந்த வேலையை அது செய்யப் போவதில்லை.

சரி, கூடவே நியூ ஜெர்சிக்கு எடுத்துப் போகிறேன் என்று நினைக்கவே வேண்டாம். டெக்சஸ் லைசென்ஸ் அங்கே செல்லாது. அங்குள்ள துப்பாக்கிச் சட்டம் நாட்டிலேயே கடுமையானவற்றில் ஒன்று. யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் 2005-ல் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். முறைப்படி அறிவித்துப் பூட்டி அனுப்பிய துப்பாக்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அதை மறுபடி அறிவித்தபோது கைது செய்து சிறையில் அடைத்தார்கள். பிறகு குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2010-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அவர் அமெரிக்கக் குடிமகன். உங்களுக்கு அதே நிலை வந்தால் குடியேற்றத் துறையும் கதவைத் தட்டும்.

நண்பர் தள்ளுபடியில் வாங்கித் தருவது

வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். இதே நல்ல எண்ணத்தில், வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் 2009-ல் தன் மாமாவுக்காகப் போலீஸ் தள்ளுபடியில் ஒரு துப்பாக்கி வாங்கினார். நீங்கள் கேட்கும் அதே கிளாக் 19. மாமா முன்கூட்டியே 400 டாலர் காசோலை கொடுத்திருந்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்க முழு உரிமை உண்டு, எந்தத் தடையும் கிடையாது. ஆனால் கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?" என்ற கேள்விக்கு மருமகன் "ஆம்" என்று எழுதியிருந்தார். அது பொய் என்று தண்டிக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2014-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அப்ராம்ஸ்கி வழக்கு என்று அதற்குப் பெயர். நூறு டாலர் மிச்சத்துக்காக நண்பரையும் உங்களையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டுமா?

நீங்களே கடைக்குப் போய் உங்கள் பெயரில் வாங்குங்கள். அப்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். படிவத்தில் எந்த நாட்டின் குடிமகன் என்ற கேள்விக்கு இந்தியா என்று போட்டு, கிரீன் கார்டிலுள்ள எண்ணை எழுதவேண்டும். அவசரத்தில் அமெரிக்கா என்று டிக் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகும். நாடு கடத்தும் காரணங்களில் மன்னிப்புக்கு ஏறக்குறைய இடமே இல்லாத ஒன்று அது. கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள், கடைக்காரர் காத்திருக்கட்டும். அடுத்து கஞ்சா பற்றிய கேள்வி. கொலராடோவில் சட்டப்படி விற்கிறார்கள் என்பது மத்தியச் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை, அந்த எச்சரிக்கை படிவத்திலேயே அச்சாகி இருக்கும். தூக்கம் வரவில்லை என்று யாராவது கஞ்சா கலந்த 'கம்மி' மிட்டாய் கொடுத்து, அதைப் பழக்கமாக்கிக்கொண்டிருந்தால், துப்பாக்கிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் போன்ற ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

எந்த பிஸ்டல், என்ன மாற்றம்

இனி நீங்கள் கேட்ட கேள்வி. நான் துப்பாக்கி நிபுணர் அல்ல. வழக்குகளுக்காகப் பயிற்சியாளர்களோடும் துப்பாக்கி மெக்கானிக்குகளோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசியதை வைத்துச் சொல்கிறேன்.

கிளாக் 19, தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 670 கிராம், மேகசினில் 15 தோட்டா. சிக் பி365 ஏறக்குறைய 500 கிராம், அடிப்படை மாடலில் 10. இரண்டும் 9 மில்லிமீட்டர். சின்னது மறைக்க எளிது, சுடக் கடினம். கை பிடிக்கும் இடம் குறைவாக, எடையும் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் அதிகமாகத் துள்ளும், புதியவரின் குறி சிதறும். சட்டைக்கு வெளியே புடைத்துத் தெரிவது பெரும்பாலும் குழலின் நீளம் அல்ல, கைப்பிடியின் நீளம். அதனால் இரண்டையும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் நூறு தோட்டாவாவது சுட்டுப் பார்த்துவிட்டு, எது உங்கள் கையில் நிற்கிறதோ அதை எடுங்கள். கிளாக்கில் விரலால் தள்ளும் தனி சேஃப்டி (தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) கிடையாது. பி365-ல் அது உள்ள மாடலும் வருகிறது. குழந்தை வரப்போகும் வீடு, நீங்களும் புதியவர் என்பதால் நானாக இருந்தால் சேஃப்டி உள்ளதையே எடுப்பேன். 'நெருக்கடியில் அதைத் தள்ள மறந்துவிடுவீர்கள்' என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பழகினால் தீரும் பிரச்சினை அது.

பிஸ்டலுக்குச் செலவழிக்கும் அக்கறையை ஹோல்ஸ்டருக்கும், அதாவது அதைச் செருகி வைக்கும் உறைக்கும், செலவழியுங்கள். ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், அதைத் தாங்கும் பெல்ட். இடுப்பிலிருந்து தவறுதலாக வெடிக்கும் சம்பவங்களில் பல, உருவும்போது நடப்பதில்லை, திரும்பச் செருகும்போது நடக்கின்றன. டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பு ஹோல்ஸ்டருக்குள் சுருண்டு ட்ரிக்கருக்கு முன்னால் போய் நிற்கும். மேலிருந்து அழுத்தும்போது துணியே ட்ரிக்கரை இழுத்துவிடும். முன்பக்கம் செருகியிருந்தால் குழல் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் தொடையின் பெரிய ரத்தக்குழாயை. சட்டையை இடது கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, குனிந்து பார்த்து, மெதுவாகச் செருக வேண்டும்.

ட்ரிக்கரை இலகுவாக்குவது டெக்சஸில் குற்றமல்ல. ஆனாலும் தொடாதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கிளாக்கின் ட்ரிக்கர் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இழுப்பு. அதை ஒன்றரைக்குக் குறைத்த பிறகு உங்கள் கையில் ஒரு தோட்டா வெடித்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'வேண்டுமென்றே தற்காப்புக்காகச் சுட்டார்' என்ற உங்கள் வாதத்தை நேரடியாக எதிர்க்கமாட்டார். 'இவர் சுட நினைக்கவே இல்லை, முடி பட்டாலே வெடிக்கும்படி மாற்றி வைத்திருந்தார், கை நடுங்கியதில் வெடித்தது' என்பார். தற்காப்பு என்பது தெரிந்தே செய்யும் செயல், தவறுதலாக வெடித்தால் அந்த வாதமே கைவிட்டுப் போகும். பிறகு உங்கள் தலையில் விழுவது அலட்சியம்.

ரெட் டாட் வைக்கலாம், அதைப் பொருத்தும் வசதியோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் மாடலாக வாங்குங்கள். இருட்டில் ஒளிரும் நைட் சைட் இன்னும் எளிது, பேட்டரி கிடையாது. விளக்கு பொருத்தினால் அதற்கேற்ற ஹோல்ஸ்டர் தனியாக வாங்கவேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சத்தம் கேட்டால் தேடுவதற்குக் கையில் தனி டார்ச்தான், பிஸ்டலில் உள்ள விளக்கால் ஆளைத் தேடினால் குழலும் அந்த ஆளைத்தான் பார்க்கும். தோட்டா தொழிற்சாலைத் தயாரிப்பாக இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவர்கள் ஜிப்சம் பலகை, குறி தவறிய தோட்டா இரண்டு மூன்று அறைகளைத் தாண்டிப் போகும். குழந்தையின் தொட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

"எமன்" வேண்டாம். 2016-ல் அரிசோனாவின் மேசா நகரில் ஒரு போலீஸ்காரர் நிராயுதபாணியான ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அவர் துப்பாக்கியின் மூடியில் ஓர் ஆபாச வாசகம் பொறித்திருந்தது. அதை ஜூரியிடம் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை, அந்த ஆள் விடுதலையும் ஆனார். ஆனால் உங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியும் அப்படியே சொல்வார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நீதிமன்றத் திரையில் உங்கள் ஸ்லைடைப் பெரிதாக்கிக் காட்டி, அதன் பொருளை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிதானமாக விளக்குவதை நினைத்துப் பாருங்கள். ஊரில் காவல் தெய்வத்தின் கையில் அரிவாள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். டெக்சஸ் ஜூரிக்குத் தெரியாது.

இணையத்தில் மலிவாக விற்கும் பாகங்கள் சிலவற்றைத் தொடவே கூடாது. கிளாக்கின் பின்பக்கம் மாட்டினால் தொடர்ந்து சுடும் 'சுவிட்ச்' சட்டப்படி அதுவே மெஷின் கன், பொருத்தாமல் டிராயரில் கிடந்தாலும். சுத்தம் செய்யும் கருவி என்ற பெயரில் சத்தம் குறைக்கும் குழாய்களும் வருகின்றன. கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்தும் சட்டப்பிரிவு துப்பாக்கியோடு நிற்கவில்லை, பாகத்தையும் துணைக்கருவியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

"லைசென்ஸே தேவையில்லையே?"

2021 செப்டம்பர் 1 முதல், தடை எதுவும் இல்லாத 21 வயதானவர் டெக்சஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனாலும் நீங்கள் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும் என்கிறேன். ஏன் என்றால், பள்ளிக்கூட வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் பொதுச் சாலையில் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் சரிபார்த்துக் கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப் போகும் உரிமைக்கு அந்த விலக்கு கிடையாது. உங்கள் புறநகரில் பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் கடைக்குப் போக ஒரு சாலை காட்டுங்கள் பார்க்கலாம். அரசுக் கட்டணம் 40 டாலர், ஒரு வகுப்பு, 50 தோட்டா சுட்டுக் காட்டும் தேர்வு. அந்த வகுப்பிலேயே எங்கே போகக்கூடாது என்பதையும் சொல்லித் தருவார்கள்.

அதில் உங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழும் இடத்தை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு பல ஊர்களில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடக் கட்டடத்தில்தான் நடக்கிறது. பொங்கல் விழாவும் பள்ளி அரங்கில்தான். அன்று மாணவர் யாரும் இல்லை என்று இடுப்பில் பிஸ்டலோடு உள்ளே போனால், லைசென்ஸ் இருந்தாலும் அது பெருங்குற்றமாகப் போகும் அபாயம் இருக்கிறது. கோயில்களில் வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற எண்களோடு துப்பாக்கிக்குத் தடை சொல்லும் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். மதுவிற்பனையே பிரதான வருமானமான இடங்களில் சிவப்பு எழுத்தில் 51% என்று போட்டிருக்கும். இதிலெல்லாம் வண்டியிலேயே, இருக்கையின் அடியில் கம்பி வடத்தால் கட்டிய பூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டுப் போகவேண்டும். கையுறை வைக்கும் டப்பாவில் போட்டுவிட்டு வருவது திருடனுக்குப் பரிசு கொடுப்பது போல.

வாரா வாரம் விமானம் ஏறும் உங்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. வார இறுதியில் மடிக்கணினிப் பையில் போட்டதை மறந்து திங்கள் காலை சோதனைக்குள் தள்ளுவது. நாட்டில் இப்படி அதிகம் பேர் பிடிபடும் விமான நிலையங்களில் டாலஸ்–ஃபோர்ட் வொர்த்தும் ஒன்று. ரேஞ்சுக்குத் தனிப் பை வையுங்கள், அந்தப் பை வேறு எதற்கும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வரும்போது முக்கியமாக. பையின் ஓரத்தில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறது. தெரியாமல் இருந்தது என்று உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன, ஆனால் அதற்குள் உங்கள் விடுமுறை காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் முடிந்திருக்கும்.

சின்ன வழக்குதானே, சமாளித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டெக்சஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில காலம் ஒழுங்காக இருந்தால் தண்டனையே பதிவாகாத 'டிஃபர்டு அட்ஜுடிகேஷன்' என்ற ஏற்பாடு உண்டு. குடிமக்களுக்கு அது நல்ல வழி. குடியேற்றச் சட்டம் அதையும் தண்டனையாகவே எண்ணும். துப்பாக்கி வழக்கில் கிரீன் கார்டுக்காரர் யாரும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எதற்கும் தலையாட்டக்கூடாது.

"வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் கேஸ் கிடையாதாமே?"

ஆள் இருக்கும் வீட்டுக்குள் சட்டவிரோதமாக, பலவந்தமாக ஒருவன் நுழைந்தால், நீங்கள் பயந்தது நியாயம் என்று டெக்சஸ் சட்டம் அனுமானிக்கும். நல்ல பாதுகாப்புதான். அதற்கு நிபந்தனைகள் உண்டு. நீங்கள் வம்பிழுத்திருக்கக்கூடாது, அந்த நேரத்தில் வேறு குற்றம் எதையும் செய்துகொண்டிருக்கக்கூடாது. இதை உங்கள் மனைவிக்கும் அப்பாவுக்கும் பொருத்திப் பாருங்கள். தொடவே கூடாத துப்பாக்கியைக் கையில் பிடித்திருப்பதே குற்றம் என்பதால், அந்த அனுமானம் அவர்களுக்குக் கிடைக்காது என்ற வாதம் முதல் நாளே எழும்.

1992-ல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் ஹத்தோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறி வேறொரு வீட்டின் மணியை அடித்தான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து "ஃப்ரீஸ்" என்றார். அந்தப் பையனுக்கு அது புரியவில்லை, நடந்து வந்தான், செத்தான். குற்ற வழக்கில் வீட்டுக்காரர் விடுதலை ஆனார். பிறகு நடந்த சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. டெக்சஸில் நியாயமான தற்காப்புக்கு சிவில் வழக்கிலும் பாதுகாப்பு இருக்கிறது, அது வேறு விஷயம். உங்கள் வீட்டில் நடக்கக்கூடியது எது? பயண அசதியில் ராத்திரி மூன்று மணிக்கு அப்பா எழுந்து, விளக்கைப் போட்டால் மருமகள் விழித்துக்கொள்வாள் என்று இருட்டிலேயே அடுக்களையில் தண்ணீர் எடுக்கிறார். மாடியில் நீங்கள் அரைத்தூக்கத்தில் சத்தம் கேட்கிறீர்கள். பிஸ்டலை எடுக்கும் முன், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் எங்கே என்று குரல் கொடுத்து எண்ணிவிட வேண்டும். இதைப் பெற்றோர் வந்த முதல் நாளே பேசி வையுங்கள்.

அப்படியானால் மனைவிக்கு என்ன செய்வது?

இந்தத் திருட்டுகள் பெரும்பாலும் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நடப்பவை. குறி நகைதான். நகையை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், இந்த வாரமே. வங்கி லாக்கர் எடுங்கள். அன்றாடம் போடும் தாலிச் சங்கிலியும் ஒரு ஜோடி வளையலும் போதும். வீட்டு இன்சூரன்ஸ் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் நகைத் திருட்டுக்கு 1,500 டாலர் போலத்தான் உச்சவரம்பு, அதற்கு மேல் வேண்டுமென்றால் நகைகளைப் பட்டியலிட்டுத் தனியாகச் சேர்க்கவேண்டும். வாசல் நிலையில் கதவுத் தாழ் விழும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், அரை அங்குலத் திருகாணியில்தான் நின்றுகொண்டிருக்கும். மூன்று அங்குலத் திருகாணி போட்டு முறுக்கினால் ஒரே உதையில் கதவு திறக்காது. அலாரம், கேமரா, உள்ளிருந்து கெட்டியாகப் பூட்டும் ஒரு படுக்கையறை, அதில் எப்போதும் சார்ஜில் ஒரு போன். மிளகுத்தூள் ஸ்பிரே துப்பாக்கி அல்ல, உங்கள் மனைவி டெக்சஸில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிரசவம் முடியும்வரை வீட்டிலிருந்து வேலை கேட்டுப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் உங்களுக்கென்று பிஸ்டல் வேண்டும் என்றால் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் விரல்ரேகைக்கு மட்டும் திறக்கும், தரையோடு போல்ட் போட்ட பெட்டகம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டால் டெக்சஸில் தனிக் குற்றம் இருக்கிறது. பிறக்கும் குழந்தை தவழ ஒரு வருடம்கூட ஆகாது. ரேஞ்சிலிருந்து வந்தால் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கவேண்டும், ஈயத்தூள் சட்டையிலேயே வரும்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் நடுவில், டீமில் பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், அடுத்தது நானோ என்று இருக்கிறது, பல ராத்திரி மூன்று முறை எழுந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறேன், சில நேரம் எதற்கு இதெல்லாம் என்று தோன்றுகிறது என்று எழுதிவிட்டு, உடனே ஹோல்ஸ்டருக்குத் தாவிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல். மனம் சரியில்லாத ஒரு ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதுதான் ஆபத்து. உங்களுக்கு அந்த எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். இல்லாவிட்டாலும் முதலில் மருத்துவரிடம் போய்த் தூக்கமின்மைக்கு வழி பாருங்கள். தானாகப் போய் மனநல ஆலோசனை பெற்றால் துப்பாக்கி உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மத்தியச் சட்டத்தின் தடை நீதிமன்றம் போன்ற அமைப்பு முடிவு செய்தவர்களுக்கும், கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கும்தான். தூக்கம் சீராகி, குழந்தை பிறந்து, இரண்டு மாதம் போகட்டும். பிஸ்டல் கடை அங்கேயேதான் இருக்கும்.

கடையில் முன்பணம் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரசீதைக் காட்டித் தேதியைத் தள்ளிப்போடக் கேளுங்கள், மறுத்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நண்பரிடம் 'வேண்டாம்' என்று இன்றே சொல்லிவிடுங்கள். நான் எழுதியது பொதுவான ஆலோசனை. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் நேரம் வாங்கி, உங்கள் கிரீன் கார்டு, மனைவியின் விசாத் தாள்கள், அந்த ரேஞ்ச் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு சேர்ந்து போங்கள்.